பழைய ஆல்டர்னேட்டரை மாட்டுமுன் எங்கே தொட்டுப் பார்ப்பது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"ஐயா, என்னுடையது 2012இல் பதிவான டொயோட்டா கொரோலா ஆல்டிஸ். 2022இல் சிஓஇயை (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஒரு மாதமாக சிக்னலில் நிற்கும்போது பேட்டரி விளக்கு மங்கலாக எரியும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். போன வாரத்திலிருந்து அணைவதே இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். புதியது 850 வெள்ளி. என் மச்சான் ஸ்கிராப் கடையில் 160 வெள்ளிக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். ஏழு நாள் உத்தரவாதமாம். மாட்டுக்கூலி 120 வெள்ளி. மாட்டுமுன் அதன் தேய்மானத்தை நானே பார்க்க முடியுமா? கையில் மல்டிமீட்டரும் வீட்டுக் கருவிகளும் இருக்கின்றன."

தம்பி, பார்க்க முடியும். ஆனால் அதற்கு முன் மச்சானிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஏழு நாள் வாங்கிய நாளிலிருந்து கணக்கா, மாட்டிய நாளிலிருந்தா? பெரும்பாலான கடைகளில் வாங்கிய நாளிலிருந்துதான். அப்படியானால் உங்கள் நாள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? கடைக்காரர் ஒப்புக்கொண்டால் நான் கீழே சொல்வது எல்லாவற்றையும் செய்யலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் முன்னாலேயே மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கும் மறுக்கிற கடையில் நான் எந்த மின்பாகமும் வாங்குவதில்லை.

மாட்டுக்கூலி 120 என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போனதை மாட்டிவிட்டால் கழற்ற ஒரு முறை, இன்னொன்றை மாட்ட ஒரு முறை என்று அந்தக் கூலி திரும்பவும் வரும். கடைக்காரர் பொருளுக்குத்தான் உத்தரவாதம் தருவார், கூலிக்குத் தரமாட்டார். அதனால் மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் செலவழிப்பது உங்களுக்கு லாபம்.

பழைய ஆல்டர்னேட்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி?" நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பயன் குறைவு. இங்கே வண்டிகள் தேய்ந்துபோய் ஸ்கிராப்புக்குப் போவதில்லை. பத்து ஆண்டு முடிந்து, சிஓஇ புதுப்பிக்க மனமில்லாமல்தான் போகின்றன. பத்து ஆண்டில் வீட்டு வண்டி ஓடியிருக்கும் தூரம் வேறு, வாடகைக்கு இரண்டு பேர் மாறி மாறி ஓட்டிய வண்டியின் தூரம் வேறு. இரண்டின் ஆல்டர்னேட்டரும் ஒரே அலமாரியில்தான் அடுக்கப்பட்டிருக்கும். தூரத்தை விடச் சூடுதான் அதைத் தின்னும். மாலை நேரத்தில் பிஐஇ விரைவுச்சாலையில் ஊர்ந்து போகும்போது ஏர்கான், ரேடியேட்டர் மின்விசிறி, முகப்பு விளக்கு, வைப்பர் எல்லாம் மின்சாரம் கேட்கும். எஞ்சினோ குறைந்த சுற்றில் இருக்கும். ஆல்டர்னேட்டரைக் குளிர்விப்பது அதன் சொந்த விசிறி, அதுவும் அப்போது மெதுவாகத்தான் சுற்றும். வேலை அதிகம், காற்று குறைவு. ஆகவே தூரத்தை மறந்துவிட்டு, கையில் இருக்கும் பொருள் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அதில் தேய்கிற பாகங்களை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். உள்ளே சுழலும் ரோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ், முன் பேரிங், பின் பேரிங் மூன்றும் மாற்றக்கூடியவை. மூன்றின் விலையும் சேர்ந்து ஒரு குடும்பம் கோப்பிக்கடையில் சாப்பிடும் செலவுக்குப் பக்கத்தில் வரும். பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங், பேரிங் உட்காரும் அலுமினியக் குழி, ரோட்டார் காயில், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடுகள் அடங்கிய ரெக்டிஃபையர் ஆகியவை கெட்டால் செலவும் நேரமும் கட்டுப்படியாகாது. நிறையப் பேர் பேரிங் சத்தத்தைப் பார்த்துப் பயந்து நல்ல ஆல்டர்னேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாத, ஆனால் ஸ்லிப் ரிங் பள்ளம் விழுந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிரஷும் பேரிங்கும் எப்படி இருந்தாலும் மாற்றத்தான் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். பிறகு மாற்றமுடியாததை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

முதலில் இது உங்கள் வண்டிக்குரியதுதானா என்று பாருங்கள். உங்கள் பழையதைக் கழற்றி எடுக்கும் முன்பே லேபிளைப் படிக்க முடிந்தால் நல்லது. டொயோட்டாவின் ஆல்டர்னேட்டர் எண் 27060 என்று தொடங்கும். அதற்குப் பின் வரும் எண்கள் ஒத்துப்போகின்றனவா, ஆம்பியர் அளவு குறையாமல் இருக்கிறதா, பிளக்கில் எத்தனை பின், புல்லியில் பெல்ட்டுக்கு எத்தனை பள்ளம், மாட்டும் காதுகளின் இடைவெளி என்ன என்பதெல்லாம் பொருந்தவேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து பிளக் மட்டும் வேறாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒயரை வெட்டி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை உள்ள காலம் இது.

அடுத்தது வெளிப்பார்வையும் மூக்கும். பின்புறக் காற்றுத் துவாரங்கள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். செம்புச் சுருள்மேல் பூசிய வார்னிஷ் தேன் நிறத்திலோ செம்பழுப்பிலோ இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கரி நிறமாக இருந்தால் அந்தச் சுருள் வெந்திருக்கிறது. முகர்ந்தால் கருகிய வாடை வரும், அது லேசில் போகாது. பேட்டரி ஒயர் மாட்டும் திருகாணியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தால் அங்கே நட்டு லூசாக இருந்து தீப்பொறி பறந்திருக்கிறது. உள்ளே எண்ணெய் நனைந்திருந்தால் அந்த வண்டியில் மேலிருந்து எஞ்சின் ஆயில் ஒழுகியிருக்கிறது. எண்ணெயில் ஊறிய கார்பன் தூள் களிம்பாகி பிரஷை அதன் கூட்டிலேயே ஒட்டவைத்துவிடும். அலுமினியத்தில் வெள்ளை மாவும், செம்பில் பச்சைக் களிம்பும், மூலைகளில் காய்ந்த சேறும் இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. அதைத் தொடவேண்டாம். திருகு, லேபிள், எல்லாவற்றின்மேலும் வெள்ளிநிறப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தால் நான் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். அழுக்கோடு இருக்கும் பொருள் தன் கதையை மறைப்பதில்லை.

பேரிங்குக்கு வருவோம். சில கடைகளில் புல்லியை விரலால் சுண்டிவிட்டு, "பாருங்கள், எவ்வளவு நேரம் சுத்துது!" என்று காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். கிரீஸ் நிறைந்த பேரிங் சற்றுக் கனமாக, வழுவழுவென்று சுற்றிச் சீக்கிரமே அடங்கி நிற்கும். கிரீஸ் காய்ந்துபோன பேரிங்தான் தடையில்லாமல் நெடுநேரம் சுழலும். நீங்கள் மெதுவாக, ஒரு சுற்றுக்கு நாலைந்து விநாடி என்று கையால் சுற்றுங்கள். பிரஷ் உரசும் மெல்லிய 'ஸ்ஸ்' ஓசை வந்தால் அது இயல்பு. விரலில் மணல் அரைவது போல் கரகரப்பு தட்டினால், அல்லது ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று தடுத்தால், உருண்டை ஓடும் பாதை அரித்துவிட்டது. புல்லியை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். துளிக்கூட ஆட்டம் இருக்கக்கூடாது. பின் பேரிங் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் மறந்துவிடுவார்கள். ஆனால் டயோடுகளின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான், முதலில் போவதும் பல நேரம் அதுதான். ஸ்குரூடிரைவர் நுனியைப் பின்பக்க உறைமேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு சுற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் தனித்தனியாகக் கேட்கும்.

இந்தப் பேரிங்கை எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். எஞ்சின் புல்லியைவிட ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது, அதனால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் இது இரண்டு மூன்று சுற்றுச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 7000, 8000 சுற்றில் பறக்கும். அந்த வேகத்தில் பேரிங் இறுகிப்போனால் பெல்ட் அறுந்துவிடும். உங்கள் ஆல்டிஸில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டுகிறது. எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர் குடும்பத்தோடு கோலாலம்பூர் போகும் வழியில், யோங் பெங் தாண்டி இப்படி மாட்டிக்கொண்டார். பேட்டரி விளக்குத்தானே, கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். சில நிமிடத்தில் எஞ்சின் கொதித்து சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. பத்து, பதினைந்து வெள்ளிப் பேரிங்கால் வந்த வினை. அதனால்தான் சத்தம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்கிறேன்.

மாற்றும்போது எலக்ட்ரீஷியனிடம் ஒரு இடத்தை மட்டும் நீங்களே பார்க்கக் கேளுங்கள். பழைய பேரிங்கை எடுத்தபின் அது உட்கார்ந்திருந்த அலுமினியக் குழியின் உட்சுவர் மங்கலாக, சீராக இருக்கவேண்டும். கண்ணாடி போல் மின்னினால் பேரிங்கின் வெளிவளையம் குழிக்குள்ளேயே சுற்றி அதைத் தேய்த்துவிட்டது என்று பொருள். அதில் புதுப் பேரிங் போட்டாலும் சில மாதத்தில் ஆடும். பசை தடவி ஒட்டித் தருகிறேன் என்பார்கள். உங்கள் நிலையில் நான் அதை வாங்கமாட்டேன். பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டுபோய் வாங்குங்கள். உதாரணத்துக்கு 6303 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. எண்ணோடு சி3 என்ற குறியும் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் விரிவதற்கென்று உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்ட ரகம் அது. வீட்டு மின்விசிறிக்குப் போடும் பேரிங் அளவில் பொருந்தினாலும் இங்கே தாங்காது.

புல்லி சில வண்டிகளில் ஒரே கட்டியாக இருக்கும், சிலவற்றில் ஒருவழிக் கிளச்சோடு வரும். கிளச் உள்ள புல்லிக்குப் பெரும்பாலும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். உள்விசிறியை ஸ்குரூடிரைவரால் மெதுவாகத் தடுத்துக்கொண்டு புல்லியைச் சுற்றினால், ஒரு திசையில் வழுக்கி ஓடவேண்டும், மறு திசையில் பிடித்துக்கொள்ளவேண்டும். இரண்டு திசையிலும் ஓடினாலும் தவறு, இரண்டிலும் பிடித்தாலும் தவறு. உங்கள் பழையதில் எந்த வகை இருக்கிறதோ அதே வகைதான் வேண்டும்.

இப்போது பின்மூடி. டென்ஸோ நிறுவனத்தின் வகையில் பெரும்பாலும் மூன்று நட்டு, ஒரு உறை. அதைக் கழற்றினால் பிரஷ் கூடு தெரியும், இரண்டு மூன்று திருகில் வெளியே வந்துவிடும். பிரஷ் இரண்டும் கூட்டிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஸ்கேலால் அளங்கள். புதிதில் ஏறத்தாழ 10 மி.மீ. நீண்டிருக்கும். 5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் நான் பேசாமல் மாற்றிவிடுவேன். கடைசி எல்லை அதைவிடக் குறைவு என்று சில கையேடுகள் சொல்லும், ஆனால் எல்லைவரை ஓட்டுவதற்காக யாரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பூட்டுவதில்லை. நீளம் போதுமானதாக இருந்தாலும் விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டும் தடையில்லாமல் உள்ளே போய், ஸ்பிரிங் வேகத்தோடு திரும்பி வரவேண்டும். ஒன்று சோம்பலாக வந்தால் கூட்டில் தூள் அடைத்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கிறது.

பிரஷ் கூட்டை எடுத்த இடத்தில் உள்ளே இரண்டு செம்பு வளையங்கள் தெரியும். ஸ்லிப் ரிங். தம்பி, இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் என்றால் இந்த இடத்தைப் பாருங்கள். பழுப்பு நிறம் மெல்லிசாகப் படிந்து, தொட்டால் வழவழப்பாக இருந்தால் நல்ல வளையம். அந்தப் பழுப்பைச் சுரண்ட வேண்டாம், பிரஷுக்கு அது நல்லது. கருகிய புள்ளிகள் இருந்தால் தீப்பொறி பறந்த தழும்பு. விரல் நகத்தை வளையத்தின் குறுக்கே இழுங்கள். நகம் இறங்கி ஏறினால் பள்ளம். இலேசான கோடு என்றால் 400, 600 நம்பர் உப்புத்தாள் துண்டை வைத்து, ரோட்டாரைச் சுற்றியபடி தேய்த்தால் போய்விடும். எமரித் துணி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துகொண்டு புதுப் பிரஷை அரைத்துவிடும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் வளையத்தின் விட்டத்தை அளக்கலாம். டொயோட்டாவின் பல டென்ஸோ ஆல்டர்னேட்டர்களில் புதிதில் 14.2 முதல் 14.4 மி.மீ. வரை இருக்கும். பள்ளத்தின் அடியில் 14க்கும் கீழே போய்விட்டால் நான் கடைக்காரரிடம் வேறு ஒன்று கேட்பேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பள்ளம் விழுந்த வளையத்தில் புதுப் பிரஷ் போட்டால் அது முழுதாகப் படியாது. ஓரங்களில் மட்டும் தொடும், பொறி பறக்கும், பிரஷ் தேய்ந்து தூளாகும். புதுப் பிரஷ் போட்டும் மூன்று மாதத்தில் பேட்டரி விளக்கு வந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் பெரும்பாலும் காரணம் இதுதான். வளையம் மாற்றும் கடைகள் காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் இருக்கின்றன, ஆனால் 160 வெள்ளிப் பொருளுக்கு அந்தச் செலவு தகாது.

பிரஷ் கூடு வெளியே இருக்கும்போதே மல்டிமீட்டரை எடுங்கள். ஓம் நிலையில் வைத்து, முதலில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 என்று காட்டினால் அது கம்பிகளின் சொந்தத் தடை, பின்வரும் அளவில் அதைக் கழித்துக்கொள்ளவேண்டும். ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்கு அளந்தால் பெரும்பாலான கார்களில் 2 முதல் 4 ஓம் வரை இருக்கும். முடிவில்லாத தடை காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. 1 ஓமுக்கும் கீழே இறங்கினால் காயிலுக்குள் ஷார்ட், அது ரெகுலேட்டரையும் எரிக்கும். அடுத்து வளையத்திலிருந்து ரோட்டார் இரும்புக்கு அளங்கள். எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. ரோட்டாரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருளை வீட்டு மீட்டரால் நம்பி அளக்க முடியாது, அதன் தடை அவ்வளவு சிறியது. அதற்குக் கண்ணும் மூக்கும் போதும் என்று விட்டுவிடுங்கள்.

டயோடுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2009இல் நான் செய்த தவறு இன்னும் நினைவில் இருக்கிறது. பாசிர் பாஞ்சாங் மொத்த வியாபாரச் சந்தையிலிருந்து அதிகாலையில் காய்கறி ஏற்றிப் போகும் ஓர் அண்ணனுடைய வேன். அவசரம் என்று வந்து நின்றார். பழைய ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பேரிங்கும் பிரஷும் பார்த்து மாட்டி அனுப்பினேன். வோல்ட் நன்றாக வந்தது, டயோடைச் சோதிக்கவில்லை. மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் போன். பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. போய் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், இரவு முழுக்க நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. டயோடுகள் கசிந்து, பேட்டரியின் மின்சாரம் இரவெல்லாம் அவற்றின் வழியாக ஓடியிருக்கிறது. அன்றைக்கு அவருக்குப் போன வியாபாரத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எதையும் மாட்டுவதில்லை.

மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடலிலும் கறுப்பை பேட்டரி ஒயர் மாட்டும் திருகாணியிலும் வையுங்கள். ஏறத்தாழ 0.8, 0.9 வோல்ட் காட்டும், ஏனென்றால் இரண்டு டயோடு வரிசையாக இருக்கிறது. கம்பிகளை மாற்றி வைத்தால் ஓ.எல். (மின்சாரம் போகவில்லை) என்று காட்டவேண்டும். உள்ளே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருப்பதால் எண் சில விநாடி ஓடி அடங்கலாம், அதற்குப் பயப்படவேண்டாம். முதலில் வைத்தபோது அந்த எண்ணில் பாதிதான் வந்தால், இரண்டு பக்கமும் எண் நிலையாக நின்றால், அல்லது பூஜ்யம் காட்டினால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் மனத்தில் வையுங்கள். இந்தச் சோதனையில் ஷார்ட் ஆன டயோடு மாட்டிக்கொள்ளும், அறுந்த டயோடு தப்பிவிடும், மற்றவை அதற்குப் பதிலாகக் காட்டிவிடும். காயிலும் அப்படித்தான். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து சூடேறியபின் அறுந்து நிற்பதும் உண்டு. அதனால் மேசைச் சோதனையில் தேறியதை ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, லோடு கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் மாற்றுகிற அதே கடையில் இதையும் சேர்த்துச் செய்துவிடுவார்கள்.

மாட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் பேட்டரியின் நெகடிவ் கழற்றப்படவேண்டும், ஏனென்றால் ஆல்டர்னேட்டரில் பேட்டரி ஒயர் மாட்டும் திருகாணியில் சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். அங்கிருக்கும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் பியூஸ் போகும், கையும் சுடும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் கூடவே மாற்றிவிடுங்கள், தனிக்கூலி கிடையாது. உங்கள் பேட்டரி இந்த ஒரு வாரத்தில் நன்றாக இறங்கியிருக்கும். அதைத் தனி சார்ஜரில் முழுக்க ஏற்றியபின்தான் வண்டியை ஓட்டவேண்டும். செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் வேலையை முதல் நாளிலேயே பழைய ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டினால் அது வெந்துபோகும்.

ஓடவிட்டபின் பேட்டரி முனைகளில் அளங்கள். ஏர்கான், முகப்பு விளக்கு, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, எஞ்சினை 1500, 2000 சுற்றில் பிடித்தால் 13.5 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது, 14.8ஐத் தாண்டவும் கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அறுந்த டயோடு இங்கே பிடிபடும். நல்லதில் 0.1ஐச் சுற்றியே நிற்கும். இதைப் படிக்கும் ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லோடு குறைவாக இருக்கும்போது 12.5 வோல்ட் அளவுக்கு வேண்டுமென்றே இறக்கிவைக்கும் ஏற்பாடு பல ஹோண்டாக்களில் உண்டு. விளக்கும் ஏர்கானும் போட்டு அளக்காமல் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று காட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கார்பரேட்டர் காலத்து வித்தை. யாராவது உங்கள் வண்டியில் அதைச் செய்யப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பேட்டரிதான் வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தை. அதை எடுத்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறி, புதிதாய் மாட்டிய ஆல்டர்னேட்டரின் டயோடையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "சிக்னலில் நிற்கும்போது மங்கலாக எரியும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடும்." ஒரு மாதம் அப்படி மின்னி, பிறகு நிரந்தரமாக எரிந்தது என்கிறீர்கள். பிரஷ் தேய்ந்து கட்டையாகும்போது விளக்கு இப்படித்தான் நடந்துகொள்ளும். பதின்மூன்று வயதான ஒரு டென்ஸோவில் அது இயல்பும்கூட. உங்கள் மெக்கானிக் சொன்னது தவறில்லை, ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. ஆனால் அதற்குள் எது போயிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஆகவே பழையதைக் கழற்றியவுடன் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் அதற்கும் செய்யுங்கள். உங்கள் பழையதின் ஸ்லிப் ரிங் வழவழப்பாக இருந்து, ரோட்டார் 2, 3 ஓம் காட்டி, டயோடும் தேறிவிட்டால் பிரஷும் பேரிங்கும் அதில் போடுங்கள். யார் கையில், எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். உங்கள் சிஓஇ 2027இல் முடிகிறது, ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்க முடியாது. அதுவரை தாராளமாகத் தாங்கும். மச்சானிடம் பக்குவமாகச் சொல்லி, ரசீதோடு அவர் வாங்கிவந்ததை ஐந்தாம் நாளுக்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கடை பூட்டியிருக்கும்.